பிள்ளைப்பேற்று அறைக்குக் காற்று வந்த விதம்

போன வருஷம் மாசிப் பனிக்குள் மகள் தன் தலைப்பிள்ளையோடு என்னிடம் வந்து நின்றாள். அவளாகத்தான் கேட்டாள், போனில். "அம்மா, பிள்ளை பிறந்த உடனை நான் உங்களிட்ட வந்து நிக்கட்டே?" வழக்கமாக நான் தமிழில் கேட்பேன், அவள் டெனிஷில் பதில் சொல்லுவாள். அதில் கோபதாபம் ஒன்றும் இல்லை, பழகிவிட்டது. அன்று அவள் தமிழில் கேட்டாள். நான் "ஓம்" என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் கதைத்தால் அழுதுவிடுவேன் என்று பயந்தேன்.

அவளை நான் பெற்றபோது இந்த டென்மார்க்குக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பெற்றவளுக்கு மிளகு, சீரகச் சரக்கு அரைத்துத் தரவோ, மூலிகை அவித்த மருந்துத் தண்ணீர் வார்க்கவோ ஒருவரும் இல்லை. இவர், என் கணவர், வேலைக்குப் போய்விட, நானும் பிள்ளையும் யன்னலைப் பார்த்துக்கொண்டிருப்போம். அதனால் மகளை முப்பத்தோராம் நாள் பிள்ளைப்பேற்றுத் தீட்டான துடக்குக் கழியும்வரை என் வீட்டில் வைத்துப் பார்க்கவேண்டும் என்பது எனக்குப் பெரிய ஆசை. வாய்விட்டு ஒருவரிடமும் சொல்லவில்லை.

மருமகனின் தாயும் ஒடென்சேயில் ஒரு அறையை ஆயத்தப்படுத்தி வைத்திருந்தார். புது வீடு, நிலமே சூடாக இருக்கும். மருமகன் நல்ல பிள்ளை. கொண்டுவந்து விட்டபோது, "கஷ்டமாயிருந்தால் யோசிக்காமல் சொல்லுங்கோ மாமி, சனிக்கிழமை வந்து கூட்டிக்கொண்டு போறன்" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். எனக்குத்தான் சனிக்கிழமை என்ற சொல் மட்டும் கேட்டது.

எங்கள் வீடு ஹொல்ஸ்டெப்ரோவுக்குப் பக்கத்தில், பழைய செங்கல் வீடு. மற்ற வீடுகளில் யன்னலுக்குக் கீழே ரேடியேட்டர் இருக்கும், அதற்குள் சுடுதண்ணீர் ஓடும். எங்கள் வீட்டில் ஓடுவது காற்று. உடுப்புத் தோய்க்கிற அறையில் அலுமாரி உயரத்துக்கு ஒரு பெட்டி நிற்கிறது. அதற்குள் காஸ் எரியும். ஒரு காற்றாடி அந்தச் சூட்டைத் தள்ள, அது நிலத்துக்குக் கீழே குழாய் வழியே போய், அறை அறையாக யன்னலடியில் இருக்கிற துளை போட்ட இரும்புத் தட்டிகளால் மேலே வரும். நாங்கள் அதைச் சூட்டுப்பெட்டி என்போம். இவர் இருந்தவரை பெட்டியின் பாடு அவர் பாடு. இவர் காலமான பிறகு நான் அதைக் கரைச்சல் படுத்தவில்லை, அதுவும் என்னைக் கரைச்சல் படுத்தவில்லை.

பிள்ளைப்பேறு பார்க்க மச்சாள் ஓல்போர்க்கிலிருந்து ரயிலில் வந்தார். இவருடைய மூத்த தமக்கை. ஓல்போர்க்கில் கனகாலம் மீன் பக்டரியில் நின்றவர். என்னை விட வயது கூட, ஆனால் என்னை விட உரம். நான் பஸ்ஸில் நிற்பாட்டும் பொத்தானை அமத்தவே யோசிக்கிறவள். வேறு யாரும் அமத்துவார்கள் என்று இருந்து, அடுத்த தரிப்பில் இறங்கி நடந்து வந்திருக்கிறேன். மச்சாளோ, வெளிக்கிட்ட பஸ்ஸின் கதவில் தட்டி, சாரதியைச் சிரிக்கவும் வைத்து ஏறுகிறவர். அவருடைய டெனிஷில் பத்துச் சொல்லுக்கு நாலு சொல்தான் டெனிஷ். மிச்சம் கையும் கண்ணும். எல்லாருக்கும் விளங்கும்.

வந்த உடனே உடுப்புக்கூட மாற்றவில்லை. சரக்குத்தூள் பையைக் குசினி அடுப்படியில் வைத்துவிட்டு மகளின் அறைக்குள் போய் நடுவில் நின்று சுற்றிப் பார்த்தார்.

"இஞ்சை காத்து அடிக்குது."

"தட்டியாலை வாற சூட்டுக் காத்து மச்சாள்."

"அதில்லை. கதவடியாலை. பாரும், விரல் போற இடைவெளி. பிள்ளைப்பெத்த உடம்பில காத்துப் பட்டால் பிறகு காலம் முழுக்க நாரியிலை, இடுப்பிலை உளைவுதான். எனக்குச் சொல்ல வேண்டாம், நான் பட்டனான்."

கட்டிலில் இருந்த மகள் டெனிஷில் ஏதோ சொன்னாள். காற்றால் நாரி உளையாது என்று சொன்னாளாக்கும். "அவ என்ன சொல்லுறா?" என்று மச்சாள் கேட்டார். "சரி எண்டுறா" என்றேன். மகள் என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள்.

மச்சாள் யன்னல் விளிம்பெல்லாம் ஒட்டு ரேப் ஒட்டினார். என் பழைய நூல் சேலைகள் இரண்டை வாங்கி, தலையணை மொத்தத்துக்கு இறுக்கிச் சுருட்டி, நாடாவால் கட்டி, கதவடியில் உள்பக்கமாக வைத்தார். கதவைச் சாத்தினால் ஈ எறும்பு போகாது. வேலை அவ்வளவு வடிவு. பிறகு மற்ற அறைகளுக்குப் போய், தட்டிகளின் பக்கத்தில் இருக்கிற கைபிடிகளை ஒவ்வொன்றாக இழுத்து மூடினார். மேலே காலடிக் கம்பளங்களும் போட்டார்.

"மச்சாள், மற்ற அறையெல்லாம் குளிருமே."

"குளிரட்டும். நீரும் நானும் ரெண்டு ஸ்வெட்டர் போடுவம். எல்லாப் பாத்தியையும் திறந்துவிட்டால் கடைசிப் பாத்திக்கு எப்ப தண்ணி போறது? அங்காலை மறிச்சால்தானே இஞ்சாலை பாயும்."

அவர் குமரியாக இருந்தபோது தகப்பனோடு புகையிலைத் தோட்டத்தில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறினவர். எனக்கும் அது சரியான கதையாகவே பட்டது. இந்த நாட்டில் சூட்டைப் பாத்தி கட்டிப் பாய்ச்ச வேறு யாருக்குத் தோன்றும் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டு, ஒரு கம்பளத்தின் மற்றத் தலைப்பை நானும் பிடித்தேன்.

முதல் நாள் அறை இதமாக இருந்தது. அடுத்த நாள் பெட்டி ஒரு மாதிரி நடக்கத் தொடங்கியது. 'டுப்' என்று பற்றும், கொஞ்ச நேரம் எரியும், அணைந்துவிடும். காற்றாடி மட்டும் விடாமல் சுற்றும். பிறகு திரும்பவும் 'டுப்'. மகளின் அறைத் தட்டியில் கை வைத்துப் பார்த்தால் யாரோ தூரத்திலிருந்து ஊதுவது போல மெல்லிய காற்று, அதுவும் பச்சைத்தண்ணீர்க் குளிர். ஒரு சின்னக் கரண்ட் ஹீற்றர் வாங்கி வைத்தோம். குசினியில் அடுப்பைப் போட்டதும் பியூஸ் போய் வீடே இருண்டது. மகள் பிள்ளைக்குத் தொப்பிக்கு மேல் தொப்பி போட்டாள்.

பிள்ளைகளை வீடு வந்து பார்க்கிற தாதி வந்தாள். பிள்ளையை நிறுத்து, நிறை நல்லாய்க் கூடியிருக்கிறது என்று சொன்னாள். பிறகு அறையின் சூட்டைப் பார்த்து முகம் சுருங்கினாள். கோபிக்கவில்லை. பிறந்த பிள்ளைக்கு இது போதாது, இந்தக் கிழமைக்குள் சரிவராவிட்டால் சூடான வேறு வீட்டுக்குப் போவது நல்லது என்றாள். மகள் தலையாட்டினாள். எனக்கு வேறு வீடு எது என்று தெரியும்.

அன்றே காஸ்காரரை வரச்சொல்லி மகள் போன் பண்ணினாள். அவர் வெள்ளிக்கிழமை காலையில் வந்தார். ஐம்பது வயது மதிக்கலாம், நெடிய ஆள். வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கம்பளிக் காலுறையோடு ஒரு சத்தமும் இல்லாமல் நடந்தார். அந்த நடையே எனக்குப் பிடித்துக்கொண்டது. வீட்டில் பச்சைக்குழந்தை இருப்பது தெரிந்து நடக்கிற நடை.

பெட்டியைத் திறந்து, உள்ளே காற்றின் தூசியை வடிக்கிற தட்டை இழுத்தார். வெள்ளையாக இருக்க வேண்டிய சாமான் தோசைக்கல் அடி போல இருந்தது. ஊதுபத்திப் புகை, மிளகாய் வறுத்த புகை, என் தலைமயிர்கூட அதில் கிடந்தது. வெட்கத்தால் நிலத்தைப் பார்த்தேன். அவர் அதை மூக்கருகே பிடித்து மணந்து பார்த்து, "நல்ல சாப்பாடு சாப்பிடுகிற வீடு" என்று டெனிஷில் சொல்லிச் சிரித்தார். புதுத் தட்டைப் போட்டார். பிறகு அறை அறையாகப் போய்க் கம்பளங்களைத் தூக்கினார், கைபிடிகளைத் திறந்தார். மகள் அறைக்கு உள்ளேயிருந்து கதவுக்குள்ளால் மொழிபெயர்க்க, நாங்கள் கொரிடோரில் நின்று கேட்டோம். காற்றுப் போக இடம் இல்லாவிட்டால் பெட்டிக்குள் சூடு முட்டுமாம், முட்டினால் பெட்டி தன்னைக் காப்பாற்றத் தானே நெருப்பை அணைக்குமாம்.

"மறிச்சது பிழையோ?" என்று மச்சாள் கதவைப் பார்த்துக் கேட்டார்.

"ஓம் பெரிய மாமி, எல்லாத்தையும் மறிச்சால் பிழையாம்" என்றாள் மகள். அவளுக்கு மச்சாள் பெரிய மாமி.

"தண்ணியெண்டால் பாயும்" என்றார் மச்சாள். அவ்வளவுதான்.

கொரிடோரில் சப்பாத்துத் தட்டுக்குப் பக்கத்தில், சுவரின் அடியில் பெரிய இரும்பு வலை ஒன்று இருக்கிறது. இவ்வளவு காலமும் அது எதற்கென்று எனக்குத் தெரியாது. காஸ்காரர் ஒரு கடதாசித் துண்டை அதன் மேல் வைத்தார். கடதாசி விழாமல் ஒட்டிக்கொண்டு நின்றது. அறைகளுக்குப் போன காற்று இந்த வழியால்தான் திரும்பப் பெட்டிக்கு வருகிறதாம். பெட்டி இப்போது அணையாமல் எரிந்தது. மற்ற அறைகளில் சூடு ஏறத் தொடங்கிவிட்டது.

மகளின் அறையில் மட்டும் ஏறவில்லை.

காஸ்காரர் கதவடியில் நின்று மகளிடம் கேட்டார். தட்டி திறந்திருக்கிறது என்றாள். காற்று வருகிறதா என்றார். சாடையாக, கொஞ்சம்தான் என்றாள். உள்ளே வந்து பார்க்கலாமா என்று கேட்டுக் கையைக் கதவுப் பிடிக்குக் கொண்டுபோனார். மச்சாள் கதவுக்கு முன்னால் வந்து நின்றார். அந்த மனிதரின் நெஞ்சளவுதான் மச்சாளின் உயரம்.

"நை" என்றார் மச்சாள். "பேபி. மமா. மான், நை."

அந்நிய ஆண் பிள்ளைப்பேற்று அறைக்குள் வரக்கூடாது என்பதை இத்தனை சொல்லில் சொல்லி முடித்தார். உள்ளேயிருந்து மகள், "பெரிய மாமி! அவர் ஹீற்றர் பாக்க வந்த ஆள்!" என்று கத்தினாள்.

"ஹீற்றரைப் பாக்கட்டும். உன்னைப் பாக்கத் தேவையில்லை."

காஸ்காரர் கையை எடுத்துக்கொண்டார். ஒரு முகச்சுளிப்பு இல்லை. அப்படியென்றால் திங்கட்கிழமை காற்றளக்கிற கருவியோடு வருகிறேன், அதற்குள் இந்த அம்மா சம்மதித்தால் பார்ப்போம், என்று மச்சாளுக்குத் தலையைச் சாய்த்துவிட்டுப் போனார். திங்கட்கிழமை எனக்கு என்ன பயன்? மருமகன் வருவது சனிக்கிழமை. மச்சாளுக்கு அதைச் சொல்ல வாயெடுத்துவிட்டு, குசினிக்குப் போய் உள்ளிப்பூண்டை உரித்தேன்.

அன்று மத்தியானம் மகளுக்கு மருந்துத் தண்ணீர் வார்த்தோம். வார்த்த பிறகு ஈரத் தலைக்குச் சாம்பிராணிப் புகை பிடிக்க வேண்டும். பிள்ளைக்குப் புகை ஆகாது என்று தாதி சொன்னதாக மகள் மறுத்தாள்.

"பிள்ளை உன்ரை அம்மாவோட ஹோலுக்குள்ள இருக்கட்டும். தலைமயிருக்கு மட்டும். இதைக்கூட விடாட்டில் நான் ஏன் ஓல்போர்க்கிலையிருந்து வந்தனான்?"

"கொஞ்சமாத்தான், என்ன?"

"கொஞ்சமாத்தான்."

மச்சாளின் கொஞ்சம் எனக்குத் தெரியும். நான் பிள்ளையோடு ஹோலுக்குப் போனேன். அவர்கள் கதவைச் சாத்தினார்கள். சிறிது நேரத்தில் மகள் காய்ந்த துவாய் ஒன்று கேட்டுக் கூப்பிட்டாள். பிள்ளையைத் தொட்டிலில் கிடத்திவிட்டு, துவாயோடு போய்க் கதவைத் தள்ளினேன். சேலைச் சுருட்டு தடுத்தது. தோளால் தள்ளினேன்.

அறை முழுக்கப் புகை, அசையாமல் நின்றது. கதவு திறந்ததும் அது என்னை இடித்துக்கொண்டு வெளியே வந்தது. வந்த புகை கொரிடோரில் சும்மா பரவவில்லை. வளைந்து, சப்பாத்துத் தட்டைத் தாண்டி, அந்த இரும்பு வலைக்குள் போனது. கூப்பிட்ட மாடு தொழுவத்துக்குப் போவது போல நேரே போனது. முகட்டில் இருந்த புகை அலார்ம் வீடே அதிரக் கத்தத் தொடங்கியது.

"அம்மா! அதை நிப்பாட்டுங்கோ!" என்று மகள் காதைப் பொத்தினாள். நான் வீடு கூட்டுகிற தும்புத்தடியைத் தேடி ஓடப் போனேன்.

"நில்லும்" என்றார் மச்சாள்.

அவர் அலார்மைக் கேட்டதாகவே தெரியவில்லை. யன்னலடித் தட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். சாம்பிராணித் தட்டைக் கொண்டுபோய் அதன் பக்கத்தில் பிடித்தார். புகை படுத்து ஓடியது. "கதவைச் சாத்தும்" என்றார். சாத்தினேன், சுருட்டைக் காலால் ஒதுக்கி இடத்தில் வைத்தேன். புகை நிமிர்ந்து, கோடு கீறினது போல மேலே போனது. "திறவும்." திறந்தேன், புகை படுத்தது. "சாத்தும்." நிமிர்ந்தது. அலார்ம் கத்தக் கத்த, ஹோலில் பிள்ளை வீரிட, தலையில் துவாயோடு மகள் டெனிஷிலும் தமிழிலும் மாறி மாறி ஏச, அந்தக் கிழவி ஆறுதலாக நின்று பார்த்தார். எனக்கென்றால் முதல் சத்தத்திலேயே தலை வெடித்திருக்கும். வேண்டியது விளங்கும்வரை அசையாமல் நிற்கிற பலம் அவருக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது.

"சரி" என்றார் கடைசியில். "அலார்மை நிப்பாட்டும். பிள்ளையைத் தூக்கும். பிழை என்ரை."

நான் தும்புத்தடியால் அலார்மின் பொத்தானை அமத்திவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கொரிடோர் முனையில் வந்து நின்றேன். மச்சாள் முழங்கால் ஊன்றிச் சேலைச் சுருட்டை இழுத்தெடுத்தார்.

"நிரம்பின பாத்திக்குத் தண்ணி ஏறுமே? இஞ்சை இருக்கிற காத்து வெளியாலை போக வழியில்லை. அப்ப புதுக்காத்து எப்பிடி உள்ளை வரும்? நான் என்ரை கையாலை வரம்பு கட்டிப்போட்டு, சூடு வரேல்லை, சூடு வரேல்லை எண்டு குந்தியிருக்கிறன்." இடியப்பம் பிழிகிறவர்போலத் தோள் குலுங்கச் சிரித்தார். "அந்த மனுசனை உள்ளை விட்டிருந்தால் ஒரு நிமிசத்தில கண்டிருப்பான். விட்டனே? கதவிலை காவல் நிண்டனான்."

"பெரிய மாமி, நான் சொன்னனான்தானே, அவரை விடச்சொல்லி" என்றாள் மகள்.

"சொன்னனி. அதுக்காக அவன் உள்ளை வந்திருக்கவும் கூடாது. ரெண்டும் சரி, போ."

இந்தக் காலத்தில் எத்தனை பேர் தாங்கள் சொன்னது பிழை என்று ஒப்புக்கொள்கிறார்கள்? நானாக இருந்தால் சுருட்டை மெல்ல எடுத்து அலுமாரிக்குள் வைத்துவிட்டு, பெட்டி தானாகத் திருந்திவிட்டது என்று இருந்திருப்பேன். மச்சாள் தான் கட்டியதை எல்லாருக்கும் முன்னால் அவிழ்த்தார், சிரித்துக்கொண்டே.

ஆனால் அவர் தன் கொள்கையை விடவும் இல்லை. காற்று வரட்டும், பெற்ற உடம்பில் படக்கூடாது. கட்டிலைத் தட்டிக்கு நேரே இருந்து சுவர்ப் பக்கம் தள்ளுவித்தார். சுருட்டியிருந்த சேலைகளை விரித்து, கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே கயிறு கட்டித் தொங்கவிட்டார், நிலத்திலிருந்து ஒரு முழம் மேலே. காற்று சேலைக்குக் கீழே குனிந்து கதவடியால் வெளியே போனது. மகள் சேலைக்குப் பின்னால் தலையைக் காய வைத்துக்கொண்டு இருந்தாள். யார் சொன்னது எடுபட்டது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

பின்னேரம் அறை சூடாகிவிட்டது. மகள் பிள்ளையின் மேல் தொப்பியைக் கழற்றினாள், பிறகு கீழ்த் தொப்பியையும். மச்சாள் அவளை விடவில்லை.

"காஸ்காரனுக்கு அடி போன். நான் சொல்லுறதைச் சொல்லு."

"திங்கக்கிழமை வர வேண்டாம் எண்டு சொன்னாப் போதும்தானே?"

"காணாது. அந்த மனுசன் வீட்டை போய் யோசிச்சுக்கொண்டிருப்பான், எங்கை பிழை விட்டனெண்டு. பிழை அவன்ரை இல்லை, என்ரை எண்டு சொல்லு. கதவடியிலை சேலை வைச்சனான் எண்டு சொல்லு."

மகள் சொன்னாள். போனுக்குள் அவர் பெரிதாகச் சிரிப்பது எனக்கும் கேட்டது. அப்படித்தான் ஏதோ இருக்கும் என்று தானும் நினைத்தாராம், ஆனால் காவலுக்கு நின்ற அம்மாவைப் பார்த்ததும் கேட்கத் துணிவு வரவில்லையாம். மச்சாளுக்கு அது ஒரு பட்டம் கிடைத்த மாதிரி. ஓல்போர்க்கில் இருக்கிற சிநேகிதிகளுக்குப் போன் எடுத்து, "இஞ்சை கேளுமன், நான் செய்த விசர் வேலையை" என்று ஒவ்வொருவருக்கும் தொடக்கத்திலிருந்து சொன்னார். ஒவ்வொரு முறையும் காஸ்காரர் இன்னும் கொஞ்சம் வளர்ந்தார்.

சனிக்கிழமை மருமகன் வந்தான். பிள்ளையை வைத்துக் காரில் கொண்டுபோகிற கதிரையைக் கையோடு உள்ளே கொண்டுவந்தான். தாய் ஒடென்சேயில் கட்டில் விரித்து வைத்திருக்கிறாராம், தொட்டிலும் வாங்கியாயிற்றாம். அவன் அதைச் சொன்னபோது நான் கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன். அறை சூடாகிவிட்டது, ஆனால் அறை சூடானால் மட்டும் ஒரு பிள்ளை தாயோடு நிற்பாள் என்று இல்லை. அவளுக்கும் களைத்துப்போயிருக்கலாம். புகை, மருந்துத் தண்ணீர், அலார்ம், மாமியின் காவல். யாருக்குத்தான் போதும் என்று இராது?

அவன் அறைக்குள் போய்ச் சேலையை விலக்கினான். குளிருக்குள்ளிருந்து வந்த அவன் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்து வெள்ளையாகிப்போனது. கழற்றித் துடைத்தான். ஜக்கெற்றைக் கழற்றினான். தட்டியில் கையை வைத்துப் பார்த்தான்.

"நல்ல சூடாய்த்தான் இருக்கு" என்றான், கொஞ்சம் ஏமாந்தவன் போல. பிறகு டெனிஷில் மகளிடம் கேட்டான். வெளிக்கிடுவோமா என்று கேட்கிறான் என்பது எனக்கு விளங்கியது. இத்தனை வருஷத்தில் அந்த அளவு விளங்கும்.

மகள் என்னைப் பார்க்கவில்லை. பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு, அவனுக்குத் தமிழில் பதில் சொன்னாள். "முப்பத்தொண்டு கழியாமல் நான் எங்கையும் வரமாட்டன். அம்மாட்டையே நிக்கிறன். உங்கடை அம்மாவிட்ட பிறகு கட்டாயம் வாறன் எண்டு சொல்லுங்கோ."

அவன் கார்க் கதிரையைச் சுவரோரம் வைத்தான். கொரிடோரில் நின்று தாய்க்குப் போன் எடுத்தான். "அம்மா, இவ இஞ்சையே நிக்கட்டும். அறை நல்ல சூடு. இல்லை, இவதான் சொல்லுறா." அந்தப் பக்கம் கொஞ்சம் நீளமாகக் கதைத்தார்கள். அவன், "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்று கேட்டுக்கொண்டு நின்றான்.

"தம்பி, கதைச்சு முடிச்சிட்டுச் சாப்பிட வாரும்" என்றார் மச்சாள் குசினியிலிருந்து. "சரக்குக்கறி இருக்கு. பிள்ளைப்பெத்தவளுக்கு மட்டும்தான் குடுக்கோணும் எண்டு ஒரு சட்டமும் இல்லை."

நான் அரிசியில் இன்னும் ஒரு சுண்டு கூட அளந்து போட்டுக் களைந்தேன்.